பாம்பன் தீவில் காற்று இன்னும் இருக்கிறதா?

இராமேசுவரத்துக்கு விண்ட்சர்ஃபிங் பலகையும் பாயும் கொண்டுபோய் வந்தவர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பேச்சு வரும். "அங்கே காற்று நிற்கவே நிற்காது" என்பார் ஒருவர். "முன்னே மாதிரி இல்லை சார், நாலு நாள் சும்மா உட்கார்ந்து கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பினோம்" என்பார் இன்னொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. எந்த மாதம் போனீர்கள், எந்தக் கரையில் இறங்கினீர்கள் என்று கேளுங்கள், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

விடுமுறைக்குத் தேதி குறிக்கக் காத்திருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்யலாம். மே பின்பாதியும் செப்டம்பர் முன்பாதியும் அநேகமாக ஏமாற்றாது. ஜனவரியும் பிப்ரவரியும் இதமானவை. ஆனால் பெரிய பாய் வேண்டும், இடையில் ஓரிரு நாள் சும்மா இருக்கவும் தயாராக வேண்டும். மார்ச்சிலும் ஏப்ரலிலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அக்டோபரும் நவம்பரும் வேண்டவே வேண்டாம். காற்று இன்னும் இருக்கிறது. நிச்சயமில்லாமல் ஆகிவருவது வேறொன்று, அதைப் பிறகு சொல்கிறேன்.

காற்று எங்கிருந்து வருகிறது

மேற்கே தென்தமிழ்நாட்டின் மலைகள், கிழக்கே இலங்கையின் நடுமலை நாடு. இரண்டுக்கும் இடையில் மன்னார் வளைகுடா தாழ்வாகத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடுக்கில் நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கிறது. குளிர்காலத்தில் திசை மாறி, வடகிழக்குக் காற்று பாக் நீரிணை வழியே இதே இடுக்கில் நுழைகிறது. முதலாவதைக் கச்சான் என்றும் இரண்டாவதை வாடை என்றும் தீவின் மீனவர்கள் சொல்வார்கள். பயணத் திட்டத்துக்கு இந்த இரண்டு பெயர் போதும்.

இங்கே காற்று பலமானது என்பதற்குச் சுற்றுலா விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. ஆடி மாதத்தில் மண்டபம் நிலையத்தில் ரயில் நிற்பது இந்த ஊருக்குப் பழகிய சங்கதி. 58 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 31 நாட். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் மன்னார் தீவில் 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி மின்நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. இந்தியப் பக்கத்தில், கடலுக்குள் காற்றாலை நிறுத்த மன்னார் வளைகுடாவையும் குஜராத் கடலையும்தான் சென்னையிலுள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் முதலில் குறித்தது. கோடிக்கணக்கில் பணம் போடுகிறவர்கள் காற்றை அளக்காமல் வரமாட்டார்கள்.

தென்மேற்குப் பருவத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வட இந்தியாவில் மழை வெளுத்து வாங்குகிற நாட்களில் அரபிக்கடலிலிருந்து வரும் தாழ்நிலைக் காற்றோட்டம் தீபகற்பத்தின் நடுப்பகுதி வழியாகப் பாய்கிறது. மழை இடைவெளி விடும்போது அதே காற்றோட்டம் தெற்கே இறங்கி, குமரிமுனைக்குக் கீழாகச் சுற்றிப் போகிறது. பி.வி. ஜோசப், எஸ். சிஜிகுமார் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆகவே ஜூலையில் "பருவமழை பலவீனம்" என்று செய்தியில் வந்தால் பயணத்தை ரத்து செய்துவிடாதீர்கள். நெல்லுக்கு அது கெட்ட செய்தியாக இருக்கலாம். பாம்பனுக்குக் காற்றுப் பஞ்சம் என்று அதற்குப் பொருள் இல்லை.

குறைந்துவிட்டது என்கிறார்களே

இந்தப் பேச்சு முழுக்க வெறும் வாய்ப்பேச்சும் அல்ல. 2018 இறுதியில் ஹார்வர்டு ஆய்வாளர்களும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1980 முதல் இந்தியாவில் காற்றிலிருந்து கிடைக்கக்கூடிய மின்னாற்றல் ஏறக்குறைய 13 சதவீதம் குறைந்திருக்கிறது, இந்தியப் பெருங்கடல் சூடாகி வருவதோடு இதற்குத் தொடர்பு இருக்கிறது என்றார்கள். கடல் சூடானால் நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு சுருங்கும். பருவக்காற்றை இழுப்பதே அந்த வேறுபாடுதான்.

13 சதவீதம் என்றதும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். காற்றாலைக்குக் கிடைக்கும் ஆற்றல் காற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆற்றலில் 13 சதவீதம் போனது என்றால் வேகத்தில் போனது நான்கு, ஐந்து சதவீதம்தான். 20 நாட் அடித்த இடத்தில் 19 நாட். ஒரே பிற்பகலில் ஒரு மணி நேரத்துக்குள் காற்று இதைவிட அதிகமாக ஏறி இறங்கும். மின்வாரியத்துக்கு இது பெரிய இழப்பு. பலகை மேல் நிற்கிறவருக்குத் தெரியக்கூட தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. உலகம் முழுக்க நிலப்பரப்பில் பல பத்தாண்டுகளாகத் தளர்ந்துவந்த காற்று 2010 வாக்கில் திரும்ப ஏறத் தொடங்கிவிட்டது என்று 2019இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. கடல்களின் இயல்பான ஏற்ற இறக்கங்களே காரணம் என்று அது கருதியது. இந்த இரண்டு ஆய்வுமே பாம்பனை மட்டும் எடுத்து அளந்தவை அல்ல. என் கணிப்பு இது: நீண்ட காலப் போக்கைவிட ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது, அதைவிட இரண்டு வாரங்களுக்கு இடையிலான வித்தியாசம் பெரிது. ஐந்து நாள் பயணத்துக்குப் போகிறவர் பருவநிலை மாற்றத்தை நொந்துகொள்வதைவிட எட்டு நாளாக நீட்டுவது பயன் தரும்.

அப்படியானால் "முன்னே மாதிரி இல்லை" என்பது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இடத்திலிருந்து. இராமேசுவரம் நகரத்தை ஒட்டிய கரைகளில் விடுதிகளும் மதில்களும் பெருகிவிட்டன. தென்மேற்குக் காற்று வடகரைக்கு வருவதற்குமுன் ஊரையும் சவுக்கு மரங்களையும் தாண்டி வருகிறது. வரும்போது உடைந்து, விட்டுவிட்டு அடிக்கிறது. கரையில் நின்றால் காற்றே இல்லாதது போலிருக்கும், நூறு மீட்டர் உள்ளே போனால் பாயைப் பிடுங்கும். பத்தாண்டுக்கு முன் அதே கரையில் ஓட்டியவர் காற்று செத்துவிட்டது என்றுதான் சொல்வார். காற்று அங்கேயேதான் இருக்கிறது, நடுவில் கட்டடம் வந்துவிட்டது.

இரண்டு கடல், ஒரே தீவு

பாம்பனைப் போல் இடத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி தருகிற தீவுகள் அதிகமில்லை. தெற்கே மன்னார் வளைகுடா. ஊரார் அதை ஆண் கடல் என்பார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். தீவு மேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு, தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் ஒரு மணல் வாலாக முடிகிறது. அந்த வாலில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல், நடந்தே மாறலாம்.

கச்சான் காலத்தில் தென்கரை கொந்தளிக்கும். காற்று சாய்வாகக் கரையை நோக்கி அடிக்கும், அலை உயரும். அலையில் ஏறி விளையாடத் தெரிந்தவர்களுக்கு அது திருவிழா. மற்றவர்கள் தனுஷ்கோடிப் பக்கத்து வடகரைக்கு வர வேண்டும். அங்கே அலை கிடையாது; தண்ணீர் இடுப்பளவில் வெகுதூரம் போகும்; காற்று மட்டும் குறையாமல் வரும். தனுஷ்கோடியின் மொட்டை மணல்வெளியில் காற்றைத் தடுக்க மரமும் இல்லை, வீடும் இல்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் அந்த ஊரை அழித்துவிட்டுப் போனதன் மிச்சம் அது. இன்று அங்கே பாய் விரிக்கிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. டிசம்பர் பாதுகாப்பான மாதம் என்று யாராவது சொன்னால் அதே நினைவைக் கொண்டு பதில் சொல்லலாம். பொங்கலுக்குப் பிறகு போங்கள்.

வாடைக் காலத்தில் எல்லாம் தலைகீழ். வடகரையில் குறுஅலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து முட்டும், தண்ணீர் கலங்கலாக இருக்கும். தென்கரையிலும் மணல்திட்டுகளுக்கு இடைப்பட்ட தேக்கங்களிலும் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஜனவரியின் இந்தத் தேக்கங்களைவிட நல்ல பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இல்லை.

காற்றைப் பார்ப்பது

கைபேசிச் செயலிகளை எல்லோரும் பார்க்கிறோம், நானும் பார்க்கிறேன். ஆனால் உலக அளவிலான வானிலை மாதிரிகள் பூமியைச் சில கிலோமீட்டர் முதல் இருபத்தைந்து கிலோமீட்டர் வரையிலான கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. தனுஷ்கோடி மணல் வால் பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. மாதிரியின் கண்ணுக்கு அது கடல். கொஞ்சம் மேற்கே தள்ளி விரலை வைத்தால் நிலம். ஒரே நேரத்துக்கு இரண்டு எண் வரும். நீங்கள் ஓட்டப்போகும் இடத்துக்குக் காற்று வரும் திசையில், கடல் நடுவே விரலை வைத்துப் பாருங்கள். அந்த எண் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

இதைவிட எளிய அறிவிப்பு ஒன்று நாளிதழிலேயே வருகிறது. "மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று ஜூன் முதல் அடிக்கடி போடுவார்கள். 45 கிலோமீட்டர் 24 நாட், 55 கிலோமீட்டர் 30 நாட். நன்றாகத் தேறியவருக்கே அது சிறிய பாய்க்கான நாள். கற்றுக்கொள்கிறவருக்கு இட்லியும் கெட்டிச் சட்னியுமாக விடுதியில் கழிக்கும் நாள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் பேச்சே இல்லை. மீன்வளத் துறை படகுகளுக்கு அனுமதிச் சீட்டு தராத நாளில் நீங்கள் பலகையோடு இறங்குவது சட்டத்துக்கு அப்பால் மரியாதைக்கேடும்கூட. ஏதாவது ஆனால் உங்களைத் தேடிப் படகை எடுக்கப்போவது அந்த மீனவர்கள்தான்.

கரையில் நின்று பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீரில் அங்கங்கே நுரைத்தலை தெரிய ஆரம்பித்தால் 12 நாட் வந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் நுரையாக இருந்தால் 18க்கு மேல். தனுஷ்கோடிச் சாலையில் மணல் தார்மீது பாம்புபோல் நெளிந்து ஓடி, கெண்டைக்காலில் ஊசியாகக் குத்தினால் 25ஐ ஒட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மணலில் பாயை விரிக்கும்போது அடிப்பக்கத்தில் மண்ணை அள்ளிப் போடாமல் விட்டால் சாலையைத் தாண்டி அடுத்த கடலில் போய் எடுக்க வேண்டியிருக்கும்.

எந்தப் பாய், எந்தத் துடுப்பு

உடல் எடையை 1.4ஆல் பெருக்கிக் காற்றின் நாட் கணக்கால் வகுத்தால் பாயின் சதுர மீட்டர் வரும். கைக்கணக்குதான், ஆனால் உதவும். 75 கிலோ எடைக்காரருக்கு 15 நாட்டில் 7 சதுர மீட்டர், 20 நாட்டில் 5.2 சுமார், 25 நாட்டில் 4.2. கச்சான் காலத்துக்கு 4.2, 5.2 இரண்டும், வாடைக் காலத்துக்கு 5.7, 7 இரண்டும் கொண்டுபோனால் போதும். பாயின் மேல் விழும் விசை வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதை மறக்க வேண்டாம். 20லிருந்து 25க்குப் போனால் விசை ஒன்றரை மடங்குக்கு மேல்.

தீவிலுள்ள பயிற்சிப் பள்ளிகள் முக்கியமாகக் கைட் சர்ஃபிங் சொல்லித் தருகிறவை. விண்ட்சர்ஃபிங் சாமான் வாடகைக்கு உண்டா, என்ன அளவுகளில் உண்டு, பாய்கள் எந்த வருடத்தவை என்பதைப் பதிவு செய்யும் முன்பே கேட்டு, படம் அனுப்பச் சொல்லுங்கள். "எல்லாம் இருக்கு, வாங்க" என்பது பதில் ஆகாது. சொந்தச் சாமான் கொண்டுபோவதாக இருந்தால் இரண்டாகப் பிரியும் பாய்மரம் மட்டுமே சரிப்படும். அருகிலுள்ள விமான நிலையம் மதுரை. அங்கிருந்து சாலையில் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தபின் ரயில் மறுபடி இராமேசுவரம் வரை போகிறது.

பலகைக்கு அடியில் பூட்டும் துடுப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வடகரையில் கடற்புல் மண்டிக் கிடக்கிறது. நேராக இறங்கும் நீளத் துடுப்பில் புல் சுற்றிக்கொள்ளும். வேகமாகப் போகும் பலகை யாரோ பின்னாலிருந்து பிடித்ததுபோல் நிற்கும், நீங்கள் மட்டும் முன்னால் பறப்பீர்கள். பின்னோக்கி நன்றாகச் சாய்ந்த, குட்டையான துடுப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். இப்போது பலரும் ஃபாயில் பக்கம் சாய்கிறார்கள். குறைந்த காற்றிலும் மேலெழும்பும் என்பதால் ஜனவரிக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரியும். ஆனால் தொடையளவுத் தண்ணீரில் முக்கால் மீட்டர் கீழே இறங்கும் உலோகக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆழமான கரையைத் தேட வேண்டும், ஆழமான கரையில் அலையும் இருக்கும். காலில் ரப்பர் காலணி இல்லாமல் இறங்காதீர்கள். மணலுக்குள் திருக்கை பதுங்கியிருக்கும். சொறி (ஜெல்லி மீன்) மிதக்கும் வாரங்களில் முழுக்கைச் சட்டை நல்லது.

காற்றைவிட நிச்சயமில்லாதது

மேலே குறிப்பிட்ட விஷயம் இதுதான்: கரை. 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடிப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. வாடைக் காலத்தில் பூநாரைகள் இறங்கும் ஆழமற்ற தேக்கங்களும் கைட், பலகைக்காரர்கள் விரும்பும் தேக்கங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. பறவைக்கு முன்னுரிமை என்பதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் போன வருடம் ஓட்டிய இடத்தில் இந்த வருடமும் ஓட்டலாம் என்று எண்ணிக்கொண்டு போகக்கூடாது. வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். பயிற்சிப் பள்ளி மூலம் போவதானால் எந்த இடத்துக்கு அனுமதி இருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். தென்கரைக்கு எதிரே தெரியும் குருசடை, சிங்கிலித் தீவு போன்றவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சேர்ந்தவை. அழகாகத்தான் இருக்கும். அனுமதியின்றிக் கால் வைப்பது குற்றம்.

தனுஷ்கோடிக்கு மாலைக்குமேல் வண்டி விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் கிளப்பிவிடுவார்கள். காற்று நன்றாகப் பிடித்திருக்கும் மாலையில் இதைவிட எரிச்சல் வேறில்லை. காலையிலேயே போய்விடுங்கள். கரைவலை இழுக்கிறவர்கள் இருந்தால் கயிறு எங்கே இறங்குகிறது என்று பார்த்து, வலையின் வளைவுக்கு வெளியே ஓட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் போய்க் கேளுங்கள்: "அண்ணே, எந்தப் பக்கம் போகலாம்?" கையை நீட்டிக் காட்டுவார்கள், காற்று எப்போது மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலில் இருக்காது. மே கடைசியைப் பலர் விரும்புவதற்கு அதுவும் காரணம்.

இனி உயிர் விஷயம். கச்சான் காலத்தில் வடகரையில் காற்று உங்களைக் கரையிலிருந்து கடலுக்குத்தான் தள்ளும். பாய்மரம் முறிந்தாலோ, அதைப் பலகையோடு இணைக்கும் அடிமூட்டு கழன்றாலோ நீங்கள் மிதந்துபோகும் திசை வடகிழக்கு. அந்தத் திசையில் இருப்பது கச்சத்தீவும் சர்வதேசக் கடல் எல்லையும். தண்ணீர் இடுப்பளவு இருக்கும் வரம்பைத் தாண்டித் தனியாகப் போகாதீர்கள். உபரியாக ஓர் அடிமூட்டும் மூன்று மீட்டர் கயிறும் இடுப்புப் பையில் இருக்கட்டும். கரையில் ஒருவர் நேரம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அவர் கையில் இரண்டு எண்: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. உறையில் போட்ட கைபேசியை நம்பி நீங்கள் மட்டும் போவது கூடாது. அந்தக் கரையில் சிக்னல் சில நேரம் இலங்கையிலிருந்து வரும். அரிச்சல்முனையின் நுனியில் இரண்டு கடலும் கூடுமிடத்தில் நீரோட்டம் பொல்லாதது, காற்று எவ்வளவு ஒத்துழைத்தாலும் அங்கே பலகையை இறக்கவே வேண்டாம்.

விடுப்பு அக்டோபரில்தான் கிடைக்கும் என்கிறவர்களுக்குப் பாம்பன் உதவாது. இலங்கைக் கரையிலுள்ள கற்பிட்டியும் உதவாது, இதே இரண்டு காற்றை நம்பித்தான் அதுவும் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட்டுக்குள் இராமேசுவரத்தில் அறை கிடைக்காவிட்டால் மட்டும் கற்பிட்டியைப் பாருங்கள். கொழும்பு விமான நிலையத்திலிருந்து வடக்கே மூன்று மணி நேரப் பயணம், வாடகைச் சாமான் அங்கே தாராளம். ஆடி அமாவாசை வாரத்தில் இராமேசுவரத்தில் அறை கிடைக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து, அந்த வாரத்தை விட்டு முன்போ பின்போ தேதி குறியுங்கள். அறை போடும்போதே, காற்றில்லாத நாளுக்குப் பயிற்சிக் கட்டணத்தை அடுத்த நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.